கொரியச் சமையலின் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரியத் தொடர்களின் புண்ணியத்தில் கிம்ச்சி (புளிக்கவைத்த காய்கறி), ராம்யோன் (உடனடி நூடுல்ஸ்), தொக்போக்கி (அரிசிக் கட்டிப் பிரட்டல்) எல்லாம் நமக்குப் பழகிய பெயர்களாகிவிட்டன. கூடவே "இதெல்லாம் எத்தனை நூறு வருஷப் பழக்கம்?" என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. கொரிய அடுப்படியில் மிகப் பழையது சோயாவைப் புளிக்கவைக்கும் கலை. நாம் முதலில் கவனிக்கும் அந்தச் சிவப்பு நிறம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. கீழே கொர்யோ என்று வருவது 918 முதல் 1392 வரை ஆண்ட அரசு. ஜோசோன் என்பது அதற்குப் பின் 1910 வரை நீடித்தது.

கொரியச் சாப்பாடு எப்போதுமே இவ்வளவு காரமா?

இல்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். ஜப்பான் படையெடுத்த 1592–1598 காலத்தை ஒட்டி அது கொரியாவுக்குள் வந்தது என்பதே பரவலாக ஏற்கப்படும் கருத்து. 1614இல் யி சு-குவாங் தொகுத்த 'ஜிபோங் யுசோல்' என்னும் கலைக்களஞ்சியம் அதை 'ஜப்பான் கடுகு' என்கிறது. கடும் விஷம், சத்திரங்களில் சோஜு என்ற வடித்த சாராயத்தில் கலந்து விற்கிறார்கள், குடித்தவர்கள் பலர் செத்தார்கள் என்றும் எழுதிவைத்திருக்கிறது. மிளகாய்க்குக் கிடைத்த வரவேற்பு அவ்வளவுதான்.

உடனே அது அடுப்படிக்குப் போய்விடவும் இல்லை. 1670 வாக்கில் ஜாங் கியே-ஹியாங் என்ற அம்மையார் கொரிய எழுத்திலேயே எழுதிய 'உம்சிக் திமிபாங்' என்ற சமையல் நூலில் 146 குறிப்புகள் உள்ளன. ஒன்றில்கூட மிளகாய் கிடையாது. மிளகு, இஞ்சி, கடுகு, நாக்கை மரத்துப்போகச் செய்யும் ஒருவகைக் காட்டு மிளகு ஆகியவைதான் காரத்துக்கு. (நூலின் முடிவில் மகள்களுக்கு ஒரு கட்டளை உண்டு: வேண்டுமானால் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், புத்தகத்தைத் தூக்கிப் போகும் எண்ணம் மட்டும் வேண்டாம். பலித்தது, மூலப் பிரதி இன்றும் இருக்கிறது.)

1766இல் யு ஜுங்-ரிம் விரிவாக்கி எழுதிய விவசாய நூலில்தான் மிளகாய் போட்ட ஊறுகாயும், கோச்சுஜாங் என்ற மிளகாய்-சோயா விழுதின் செய்முறையும் தெளிவாக வருகின்றன. அந்தக் கோச்சுஜாங்கின் அளவைப் பாருங்கள்: சோயாப் பொடி ஒரு 'மல்', ஒட்டரிசி மாவு ஒரு 'தொய்', மிளகாய்ப் பொடி மூன்று 'ஹோப்'. ஒரு மல் என்பது நூறு ஹோப். அதாவது நூறு பங்கு சோயாவுக்கு மூன்று பங்கு மிளகாய். இன்றைய வீட்டுக் குறிப்புகளில் சோயாப் பொடியைவிட மிளகாய்ப் பொடிதான் அதிகம். காரம் வந்தது ஒரு நாளில் நடந்ததல்ல. கரண்டி கரண்டியாக ஏறியது.

அரண்மனைக்கும் அது எட்டியிருந்தது. 82 வயது வரை வாழ்ந்த யோங்ஜோ அரசர் (ஆட்சி 1724–1776), முதுமையில் பசியே எடுக்காதபோதும் தனக்குச் சோறு இறங்க நான்கு பண்டங்கள் போதும் என்றாராம்: காட்டுக் காளான், பச்சை அபலோன் (ஒருவகைக் கடல் நத்தை), இளம் காட்டுக்கோழி, கோச்சுஜாங். அரண்மனைச் செயலகக் குறிப்பேட்டில் இருக்கும் தகவல் இது.

அப்படியானால் மிளகாய் வருவதற்கு முன் கிம்ச்சி எப்படி இருந்தது?

வெள்ளையாக, நீர்க்க இருந்தது. முள்ளங்கி, வெள்ளரி, கத்திரி, கடுகுக்கீரை ஆகியவற்றை உப்புநீரிலோ ஜாங் எனப்படும் புளித்த சோயாச் சரக்கிலோ ஊறப்போட்டார்கள். கொர்யோ காலக் கவிஞர் யி கியு-போ (1168–1241) முள்ளங்கியைப் பற்றிச் சொல்கிறார்: ஜாங்கில் இட்டால் கோடை மூன்று மாதமும் நன்றாக இருக்கும், உப்பில் இட்டால் குளிர்காலம் முழுக்கத் தாங்கும். இன்றும் மிளகாயே இல்லாத 'பெக் கிம்ச்சி', முழு முள்ளங்கியை உப்புநீரில் போடும் 'தோங்ச்சிமி' இரண்டும் அந்த வழியில் வந்தவை.

இன்னொரு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். கிம்ச்சி என்றதும் நினைவுக்கு வரும் நீள்கோஸ், அதாவது 'பெச்சு', இலைகள் இறுகி மூடிய இன்றைய வடிவில் கொரியாவில் பரவியது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். அதற்கு முந்தைய வகைகள் உள்ளே திரளாமல் விரிந்தே வளர்ந்தன. இலைக்கு இலை மசாலா திணிக்க அவை தோதானவை அல்ல. 1950களில் தாவர இனவிருத்தி அறிஞர் உ ஜாங்-சுன் உள்நாட்டிலேயே நல்ல பெச்சு, முள்ளங்கி விதைகளை உருவாக்கிய பிறகு அது எல்லா வீட்டுக்கும் வந்தது. ஆக, முழுக் கோஸில் செய்த சிவந்த கிம்ச்சிக்குத் தாராளமாகக் கணக்கிட்டாலும் நூற்றைம்பது வருஷத்துக்குள்தான் வயது.

கிம்ச்சிக்கு எல்லா அளவும் சரியாகப் போட்டும் ஏன் தண்ணீர் விட்டுக்கொள்கிறது? ஏன் குழைகிறது?

பத்தில் ஒன்பது தடவை தப்பு மசாலாவில் இல்லை, உப்பு ஏற்றுவதில் இருக்கிறது. அந்தக் கட்டத்தை மட்டும் நிதானமாகச் சொல்கிறோம்.

இரண்டு பெரிய பெச்சு, சுமார் 5 கிலோ. அடிப்பகுதியில் மட்டும் கத்தியால் கீறி, மீதியைக் கையால் பிளக்க வேண்டும். முழுக்கக் கத்தியை இறக்கினால் உள் இலைகள் துண்டு துண்டாக உதிரும். கல்லுப்பு கோஸ் எடையில் பத்தில் ஒன்று, அதாவது அரை கிலோ. பாதியை இரண்டரை லிட்டர் தண்ணீரில் கரைத்துக் கோஸை முக்கி எடுங்கள். மீதியைத் தடித்த வெள்ளைத் தண்டுகளுக்கு இடையில் தூவுங்கள்; மெல்லிய இலைக்கு உப்புநீரே போதும். அறை வெப்பத்தில் 6 முதல் 8 மணி நேரம், குளிரில் 10 முதல் 12 மணி நேரம். நடுவில் ஒருமுறை கீழ்மேலாகப் புரட்ட வேண்டும். தண்டை வளைத்தால் ஒடியாமல் மடங்க வேண்டும். 'டக்'கென்று ஒடிந்தால் இன்னும் உப்பு ஏறவில்லை. அந்த நிலையில் மசாலா பூசினால், மிச்சத் தண்ணீர் ஜாடிக்குள் வெளியேறி எல்லாவற்றையும் நீர்க்கச் செய்யும், சீக்கிரமே புளித்துக் குழையும்.

பிறகு மூன்று தண்ணீரில் அலசி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து இரண்டு மூன்று மணி நேரம் வடிய விட வேண்டும். பொறுமை இழப்பது பெரும்பாலும் இங்கேதான். உப்பு கூடிப்போனால் கலங்க வேண்டாம்: உப்புப் போடாத முள்ளங்கிப் பத்தைகளை இடையில் செருகுங்கள், அவை இழுத்துக்கொள்ளும்.

மசாலாவுக்கு: இரண்டு மேசைக்கரண்டி ஒட்டரிசி மாவை 400 மில்லி தண்ணீரில் கூழாகக் காய்ச்சி நன்றாக ஆறவைத்தது, கொரிய மிளகாய்ப் பொடி 180 கிராம், பூண்டு 100, இஞ்சி 15, உப்பில் ஊறிய பொடி இறால் 80, நெத்திலிச் சாறு 100 மில்லி, ஈர்க்குச்சி போல் நறுக்கிய முள்ளங்கி 700 கிராம், வெங்காயத்தாள் 100. மிளகாய்ப் பொடியைக் கூழில் கலந்து இருபது நிமிஷம் விட்டால்தான் நிறம் இறங்கும். கொரியப் பொடி பெரும்பாலும் விதை நீக்கி, கொரகொரப்பாக இடித்தது. நம் ஊர் மிளகாய்த்தூளை அதே அளவில் போட்டால் வாயில் வைக்க முடியாது, பசை போலவும் ஆகிவிடும்.

ஜாடியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. வாயு எழும்பிச் சாறு வழியும். அழுத்தி, உப்பேறிய வெளி இலைகளால் மூட வேண்டும். மேலே காற்றுப் பட்டால் வெள்ளை ஆடை படியும். 18–20 டிகிரியில் ஒன்றிரண்டு நாள் வெளியே வைத்துவிட்டு 0–4 டிகிரிக்கு மாற்றுவது வழக்கம். சென்னை வெயிலில் அரை நாளே தாராளம்.

உள்ளே நடப்பது இது: முதலில் லூக்கோனோஸ்டாக் வகை பாக்டீரியா பெருகி கரியமில வாயுவை விடும், நாக்கில் சுரீரென்ற சோடாத் தன்மை அதனால்தான். நாள் போகப்போக லாக்டோபேசிலஸ் வகைகள் கைப்பற்றிக்கொள்ள, புளிப்பு முற்றும். அமில அளவு பி.எச். 4.2–4.5இல் இருக்கும்போது சுவை உச்சம். அதைத் தாண்டிப் புளித்ததைக் கொரியர்கள் கொட்டுவதில்லை. கொதிக்கும் குழம்புக்கு அதுதான் சரி.

மண்ணில் ஜாடி புதைப்பது எதற்கு?

உறையவும் கூடாது, வெதுவெதுப்பும் கூடாது. கொரியக் குளிர்காலத்தில் வெளியே தண்ணீர் கட்டியாகிவிடும். மண்ணுக்குள் வெப்பம் அதிகம் ஏறி இறங்காமல் பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கும். குளிர் தொடங்கும் முன் ஊரே கூடி மாதக்கணக்குக்குப் போடும் இந்த வேலைக்குக் கிம்ஜாங் என்று பெயர். 2013இல் தென் கொரியாவின் கிம்ஜாங்கையும் 2015இல் வட கொரியாவின் கிம்ச்சி மரபையும் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அடுக்ககங்களில் புதைக்க மண் ஏது? 1995இல் வந்து பரவலான 'திம்ச்சே' என்ற கிம்ச்சிக் குளிர்பெட்டி செய்வதும் மண்ணின் அதே வேலைதான்: வெப்பத்தை நிலையாக வைப்பது.

கொரியச் சமையலுக்கு அடிப்படை என்று ஒன்றைச் சொன்னால் எது?

ஜாங். கிம்ச்சி என்று சொல்வார்கள் என எதிர்பார்த்திருப்பீர்கள். ஆனால் பழைய கொரிய அரசான சில்லாவின் அரசர் சின்முன் 683இல் பெண்வீட்டுக்கு அனுப்பிய சீர்வரிசைப் பட்டியலிலேயே அரிசி, மது, எண்ணெய், தேன் ஆகியவற்றோடு ஜாங் இருக்கிறது. சூப், குழம்பு, கீரைப் பிரட்டல், இறைச்சி ஊறவைப்பது என எதைத் தொட்டாலும் அது இல்லாமல் ஆகாது. வீட்டு ஜாங் கெட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று பயந்தவர்கள் அவர்கள். 2024 டிசம்பரில் இதுவும் யுனெஸ்கோ பட்டியலுக்குப் போனது.

செய்முறை ஒரு வருஷத்தை விழுங்கும். நவம்பர் வாக்கில் சோயா பீன்ஸை இரவு முழுக்க ஊறவைத்து, சிறு தீயில் நான்கைந்து மணி நேரம் வேகவிடுவார்கள். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் வைத்தே நசுக்க முடிந்தால் வெந்துவிட்டது. அருகிலேயே நிற்க வேண்டும். நுரை பொங்கினால் சாறு முழுக்க அடுப்பில். ஒன்றிரண்டாக இடித்துச் செங்கல் வடிவில் தட்டி, மேல்பக்கம் காய்ந்ததும் வைக்கோல் கயிற்றால் கட்டித் தொங்கவிடுவார்கள். இதுதான் 'மேஜு'. வைக்கோல் வெறும் கயிறல்ல: பேசிலஸ் சப்டிலிஸ் அதில்தான் குடியிருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேல் தொங்கிய பின், வெதுவெதுப்பான அறையில் வைக்கோல் பரப்பி அடுக்கி, மேலும் நொதிக்க விடுவார்கள். வெள்ளை, மஞ்சள் பூசணம் நல்ல அறிகுறி. கட்டியை மிகத் தடிமனாகத் தட்டி உள்ளே ஈரம் நின்றால் நடு கறுத்து நாறும். அதை எடுத்துப்போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

சந்திர நாட்காட்டியின் முதல் மாதத்தில் ஜாங் போடுவது சிறப்பு. காய்ந்த மேஜு 6 கிலோ, தண்ணீர் 20 லிட்டர், கல்லுப்பு நாலரை கிலோ. உப்பை முந்தின நாளே கரைத்துத் தெளிய வைக்க வேண்டும். அளவு பார்க்க முட்டைதான் கருவி: நீரில் போட்ட முட்டை மிதந்து, மேலே ஒரு நாணய அகலத்துக்கு ஓடு தெரிந்தால் உப்பு சுமார் 18 சதவீதம். மூன்றாம் மாதத்துக்குத் தள்ளிப்போனால் வெயில் ஏறியிருக்கும், உப்பும் கூட்டியாக வேண்டும். மேஜுவைத் துடைத்துக் காயவைத்து 'ஓங்கி' என்ற மண்ஜாடியில் அடுக்கி, உப்புநீரை ஊற்றி, மிதக்காதபடி மூங்கில் பத்தையைக் குறுக்கே செருகுவார்கள். மேலே கரித்துண்டு, காய்ந்த மிளகாய், பேரீச்சை போன்ற இலந்தை. வெயில் நாளில் மூடியைத் திறப்பது, மழைக்கு மூடுவது. மழைநீர் இறங்கினால் புழு நிச்சயம்.

நாற்பது முதல் அறுபது நாளில் பிரிப்பார்கள். வடியும் நீர் கன்ஜாங், அதாவது சோயா சாஸ். தங்கும் சக்கை, பிசைந்து வேறு ஜாடியில் அழுத்தி மாதக்கணக்கில் முதிர்ந்தால் தென்ஜாங் விழுது. பேராசையில் நீரை ஒட்டப் பிழிந்தவர்களின் தென்ஜாங் வறண்டு கட்டியாகும். சோயாவை வேகவைத்து மசித்து உப்புநீருடன் சேர்த்தால் தேறும். கன்ஜாங்கின் மேல் வெள்ளை ஆடை படிந்தால் உப்பு குறைவு.

கடையில் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: செய்முறையில் 'குக் கன்ஜாங்' என்றிருந்தால் அது இந்த மரபான வகை, நிறம் வெளிறியது, உப்பு அதிகம். ஜப்பானிய முறையில் கோதுமை சேர்த்துத் தயாரித்ததை ஊற்றினால் சூப் கறுத்து இனிக்கும்.

கொரிய ராணி தமிழச்சி என்கிறார்களே, கொழுக்கட்டை அவர் கொண்டுபோனதுதானா?

13ஆம் நூற்றாண்டுத் துறவி இரியோன் தொகுத்த 'சம்குக் யுசா'வின்படி ஹோ ஹ்வாங்-ஓக் என்ற இளவரசி 'அயுதா' நாட்டிலிருந்து 48இல் கப்பலில் வந்து கயா என்ற பழைய கொரிய நாட்டின் அரசர் சுரோவை மணந்தார். அயுதா என்பது அயோத்தியா, குமரி மாவட்டப் பக்கமா, வேறெங்கோவா என்ற வாதம் ஓயவில்லை. அந்த நூலில் அவர் சமையலைக் கற்றுத்தந்ததாக எதுவும் இல்லை. அவர் கதையில் அரிசி வரும் இடம் ஒன்று: கப்பலோட்டி வந்த 15 பேரைத் திருப்பி அனுப்பும்போது கயா அரசர்தான் அவர்களுக்கு அரிசியும் துணியும் கொடுக்கிறார்.

ஆவியில் வேகவைப்பது கொரியாவில் அதற்கும் பழையது. அடியில் ஓட்டை போட்ட 'சிரு' என்ற மண்பாத்திரம் நம் இட்லிப் பானைத் தட்டின் வேலையைச் செய்யும். இன்றைய வட கொரியாவில் உள்ள, 357ஆம் ஆண்டைச் சேர்ந்த அனாக் 3ஆம் எண் கல்லறைச் சுவரோவியத்தில் ஒரு பெண் அடுப்பில் சிரு வைத்துச் சமைக்கிறாள். பக்கத்து அறையில் இறைச்சி கொக்கியில் தொங்குகிறது. இரும்புப் பானை பரவிய பிறகே சோறு வடிக்காமல் பொங்கும் முறை நிலைத்தது. ஆவி வேலை அரிசிப் பலகாரமான 'தொக்'குக்கு ஒதுங்கியது. அறுவடைத் திருநாளில் பைன் ஊசி இலை பரப்பி அவிக்கும் சோங்ப்யோன், பிறை வடிவப் பூரணக் கொழுக்கட்டை மாதிரியே இருக்கும் என்பது உண்மை. மாவும் ஆவியும் உள்ள நாட்டில் அது தானாகவே தோன்றக்கூடியதும்கூட.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு அங்கே ஏதாவது உண்டா?

புத்த மடாலயச் சமையல் உண்டு. மீன், இறைச்சியோடு ஐந்து மணப் பொருள்களையும் விலக்குவார்கள்: பூண்டு, வெங்காயத்தாள், பூச்சு என்ற பூண்டுத்தழை, காட்டு வெங்காயம், ஐந்தாவதாகப் பெருங்காயம். பெருங்காயம் கொரியாவில் விளைவதில்லை. இந்தியாவிலிருந்து வந்த விதியோடு பட்டியலில் தங்கிவிட்டது. அந்த இடத்தில் இன்று வெங்காயத்தை எண்ணுகிறார்கள். சாதாரண உணவகத்தில் கவனம் தேவை: கிம்ச்சியில் இறால், நெத்திலி இருக்கும், "காய்கறிக் குழம்பு" என்றாலும் சாறு பெரும்பாலும் நெத்திலியில் எடுத்தது.

அரசருக்குத் தினமும் பன்னிரண்டு வகைக் கறியா?

தொடர்களில் அப்படி. அந்தக் கணக்கு, கடைசி அரண்மனைச் சமையல் பெண்மணிகளில் ஒருவரான ஹான் ஹுய்-சுன் (1889–1972) சொல்லித் தந்த மரபிலிருந்து வருகிறது. 1971இல் அரசு அதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. ஆனால் 1795இல் ஜோங்ஜோ அரசர் தாயின் அறுபதாம் பிறந்தநாளுக்கு ஹ்வாசோங் போன பயணத்தின் ஏடு, வேளாவேளைக்கு வைத்த பாத்திரங்களை எண்ணிவைத்திருக்கிறது. தாய்க்குப் பதினைந்து வாக்கில், அரசருக்கோ ஏழுதான். எங்களைக் கேட்டால், பன்னிரண்டை அரண்மனையின் கடைசிக் காலத்து வழக்கம் என்று கொள்வதே நியாயம்.

குளிர்ந்த நூடுல்ஸ் கோடைச் சாப்பாடுதானே?

ஆரம்பத்தில் குளிர்காலத்தது. 1849இல் எழுதப்பட்ட 'தோங்குக் செசிகி' நேங்ம்யோன் என்ற இந்தக் குளிர்ந்த நூடுல்ஸைப் பதினோராம் மாத உணவாகக் குறிக்கிறது. காரணம் எளிது: பக்வீட் தானியம் அறுவடையாவது இலையுதிர் காலக் கடைசியில், தோங்ச்சிமிச் சாறு பதமாவது குளிரில். பனிக்கட்டி ஆலை வந்த பிறகுதான் அது வெயிலுக்கு மாறியது.

சோஜு பழைய மதுவா?

வடித்தெடுக்கும் கலை 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியர் வழியாக வந்தது. ஆண்டோங் நகரம் இன்றும் அரிசிச் சோஜுவுக்குப் பேர்பெற்றது. பச்சைப் பாட்டிலில் வருவது வேறு. அரிசித் தட்டுப்பாட்டால் 1965இல் மதுவுக்குத் தானியம் பயன்படுத்தத் தடை வந்தது. ஆலைகள் கிழங்கிலிருந்து எடுத்த சாராயத்தில் தண்ணீரும் இனிப்பும் சேர்த்து விற்றன, அந்த ருசியே நிலைத்தது. மக்கோலி என்ற அரிசி மதுவும் அதே காலத்தில் கோதுமை மாவுக்கு மாறி, 1977இல்தான் மறுபடி அரிசியைக் கண்டது.

பழையது என்று நினைத்து ஏமாறும் பண்டங்கள் எவை?

சிவந்த தொக்போக்கி: அரண்மனை வகை சோயா சாஸில் மாட்டிறைச்சியோடு பிரட்டியது, கோச்சுஜாங் போட்டது கொரியப் போருக்குப் பிந்தைய தெருக்கடைச் சரக்கு. ராம்யோன்: 1963 செப்டம்பரில் சம்யாங் நிறுவனம் பத்து வோன் விலையில் இறக்கியது. புதே ஜிகே: அமெரிக்கப் படைமுகாம்களின் டப்பா இறைச்சியைக் கிம்ச்சியோடு கொதிக்கவைத்தது, உய்ஜோங்பு ஊர்ப் பக்கம். பிபிம்பாப் (காய்கறி கலந்த சோறு) கொஞ்சம் மூத்தது. 19ஆம் நூற்றாண்டுக் கடைசியின் சமையல் சுவடி ஒன்றில் பெயரோடு வருகிறது. அதன் மேல் இன்று பிழியும் கோச்சுஜாங் அந்தக் குறிப்பில் இல்லை.